யப்பானியரின் கோப்பையும் நமது பிட்டுக் குழலும்

யப்பானுக்குப் படிக்கவோ தொழில் பார்க்கவோ ஒரு பிள்ளை புறப்படும்போது வீட்டிலே முதலில் எழும் கேள்வி குளிரைப் பற்றியதன்று, மொழியைப் பற்றியதுமன்று. “அங்க போய் இவன் என்னத்தச் சாப்பிடுவான்?” என்பதே அது. ஆலையடிவேம்பிலே ஒரு தாய் இதைக் கேட்கும்போது மாட்டிறைச்சியை நினைத்துக் கேட்கிறாள். வெள்ளிக்கிழமை விரதத்தை நினைத்துக் கேட்கிறாள். அடுத்துள்ள அக்கரைப்பற்றிலோ, வடக்கே கல்முனையிலோ ஒரு தாய் கேட்கும்போது பன்றியிறைச்சியையும் மதுவையும் நினைத்துக் கேட்கிறாள். கேள்வி ஒன்று, அச்சம் வேறு வேறு. 2019ஆம் ஆண்டில் இலங்கையும் யப்பானும் தொழிற்றிறன் பெற்ற பணியாளரை அனுப்புவது குறித்து உடன்பாடு செய்துகொண்டன. க. பொ. த. உயர்தர வகுப்பிலே யப்பானிய மொழியைப் பாடமாக எடுக்கவும் இடமுண்டு. ஆகவே இக்கேள்வி இனி நம் வீடுகளிலே அடிக்கடி கேட்கப்படும். அதற்கு விடை தேடுவோர், அந்நாட்டவர் சாதாரணமாக உண்ணும் மலிவான உணவொன்றை எடுத்து அதன் அடிமுடி காண முயல்வது பயன்தரும். அவ்வுணவின் பெயர் ராமென்.

பெயரைக் கேட்டதும் இராமபிரானுக்கும் இதற்கும் உறவு கற்பித்துவிட வேண்டாம். நம்மிடையே அத்தகைய ஆராய்ச்சியாளருக்குக் குறைவில்லை! இழுத்து நீட்டிய மாவிழை என்ற பொருளுடைய சீனச் சொல்லே யப்பானியர் நாவில் ராமென் ஆயிற்று என்பர். சொல்லைப் போலவே பண்டமும் சீனத்திலிருந்து வந்ததே. 1859இல் யோக்கோகாமாத் துறைமுகம் வெளிநாட்டாருக்குத் திறந்துவிடப்பட்டது. அங்கே குடியேறிய சீனர் தம் ஊர் மாவிழைச் சூப்பையும் கொண்டுவந்தனர். 1910இல் ஒசாக்கி கன்இச்சி என்பார், சுங்கத் திணைக்கள உத்தியோகத்தை விட்டு, டோக்கியோவின் அசக்குசாப் பகுதியிலே ‘ராய்ராய்கென்’ என்ற கடையைத் தொடங்கினார். யோக்கோகாமாவிலிருந்து சீனச் சமையற்காரரை வருவித்து, யப்பானியரின் நாவுக்கேற்பச் சோயா சோஸ் கலந்த சூப்பில் மாவிழையை இட்டுக் கொடுத்தார். கூட்டம் திரண்டது. அக்காலத்தில் இதனைச் ‘சீனச் சோபா’ என்றே அழைத்தார்கள். சோபா என்பது அவர்களுடைய பழைய மாவிழை உணவு.

இங்கே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். எலும்பைக் கொதிக்க வைத்துச் சாறெடுக்கும் இவ்வழக்கம் யப்பானியருக்குப் பரம்பரைச் சொத்தன்று. கி. பி. 675இல் தென்மு என்ற பேரரசர் பௌத்த நெறியைத் தழுவி மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை ஆண்டின் ஒரு பகுதியில் உண்ணலாகாதென ஆணையிட்டார். அதன்பின் ஆயிரத்து இருநூறு ஆண்டுகள், விதியில் ஏற்றத்தாழ்வுகள் இருந்தபோதிலும், இறைச்சியை வெளிப்படையாக உண்பது அந்நாட்டிலே மதிப்பான செயலாகக் கருதப்படவில்லை. காட்டுப் பன்றியைத் தின்ன ஆசைப்பட்டவர்கள் அதற்கு ‘மலைத் திமிங்கிலம்’ எனப் பெயர் சூட்டித் தின்றார்கள். திமிங்கிலம் மீன் வகையிற் சேர்க்கப்பட்டதல்லவா? மனிதன் எங்கும் மனிதனே. 1872இல் மெய்ஜிப் பேரரசர் தாமே இறைச்சி உண்டதாக அறிவிக்கப்பட்ட பிறகுதான் பழைய தயக்கம் அகலத் தொடங்கியது. ஆகவே மரக்கறி உணவென்றால் யப்பானியருக்கு விளங்காது என்று எண்ணுவது பிழை. அவர்களுடைய பாட்டன் பூட்டன் உண்டது பெரும்பாலும் சோறும் மரக்கறியும் மீனுமே.

அப்படியானால் இந்தச் சீனச் சோபா தேசிய உணவாக மாறியது எவ்வாறு? அதற்குக் காரணம் யுத்தம். இந்த இடத்திலேதான் அவர்களுடைய கதை நமது கதையோடு முடிச்சுப் போடுகிறது.

1942 மார்ச்சு மாதம் யப்பானியப் படை இரங்கூனைக் கைப்பற்றியது. அந்நாளில் இலங்கையர் உண்ட அரிசியிற் பெரும்பகுதி கடல் கடந்தே வந்தது. அதிலும் பர்மா அரிசியே முதன்மையானது. இரங்கூன் வீழ்ந்ததும் அந்த வாயில் அடைபட்டது. ஏப்பிரல் 5ஆந் திகதி கொழும்பிலும், 9ஆந் திகதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. குண்டு விழுந்த இடங்கள் சில. அரிசி இல்லாமற்போன அடுப்புகளோ நாடு முழுவதும். கூப்பன் முறை வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவும் பாணும் வந்தன. கோதுமையின் ஒரு கதிரேனும் விளையாத நாட்டிலே, அரிசி மாப் பிட்டுக்குப் பழகிய கைகள் கோதுமை மாவை அவித்து, அரித்து, குழலில் அடைக்கக் கற்றுக்கொண்டன. அவிக்காமற் குழைத்தால் மா பசையாகி ஒட்டிக்கொள்ளும் என்பதைக் கண்டு, முதலில் அவித்துக் கட்டி உடைத்து அரிக்கும் உபாயத்தைக் கைக்கொண்ட நம் பெண்களின் பெயர் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இல்லை.

போரில் வென்று அரிசியை மறித்த யப்பானுக்கும் அதே கதி மூன்றாண்டுகளில் வந்தது. 1945இல் அந்நாடு சரணடைந்தது. அவ்வாண்டின் நெல் விளைச்சலும் பொய்த்தது. கொரியாவிலும் தைவானிலும் இருந்து வந்த அரிசியும் நின்றது. பசி தீர்க்க வந்தது அமெரிக்கக் கோதுமை மா. அந்த மா கள்ளச் சந்தைகளிற் புகுந்தது. சீனாவிலிருந்தும் மஞ்சூரியாவிலிருந்தும் திரும்பிய வீரரும் குடிகளும் அங்கே கற்ற கைப்பாகத்தைக் கொண்டுவந்தனர். தள்ளுவண்டிகளில் ராமென் கொதித்தது. பிடி சோறு கிடையாத நாளிலே, கொழுப்பும் உப்பும் சூடும் உள்ள ஒரு கோப்பை பெரும் பேறாகத் தோன்றியிருக்கும். நமது கோதுமைப் பிட்டும் அவர்களது ராமெனும் ஒரே யுத்தத்தின் பிள்ளைகள் என்று நான் சொன்னால், மிகையென்று தள்ளிவிட மாட்டீர்கள் என நம்புகிறேன். (1951 செப்டெம்பரிலே சான் பிரான்சிஸ்கோ மகாநாட்டில் இலங்கையின் சார்பிற் பேசிய ஜே. ஆர். ஜயவர்த்தனா, யப்பானிடம் நட்டஈடு கோரமாட்டோமென்று அறிவித்தார். அந்நாட்டு முதியோர் அதனை இன்னும் நன்றியோடு பேசுவதைக் கேட்கலாம்.)

தள்ளுவண்டி என்றதும் இன்னுமொரு செய்தி நினைவுக்கு வருகிறது. இரவிலே ராமென் விற்றவர்கள் ‘சருமெரா’ என்ற ஊதுகுழலை ஊதிக்கொண்டு தெருவிற் செல்வார்களாம். அந்தப் பெயர் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. அதே போர்த்துக்கேயர் கொடுத்த இன்னொரு சொல்லைக் கேளுங்கள்: யப்பானியர் பாணைப் ‘பான்’ என்கிறார்கள்! தமிழ்நாட்டார் ரொட்டி என்பதை நாம் பாண் என்கிறோம். கிழக்கே நெடுந்தொலைவிலுள்ள தீவினரும் அவ்வாறே கூறுகின்றனர். ஒரே கப்பற்காரன் இரண்டு கரைகளில் இறக்கிய மூட்டை. மாலையிலே பாட்டு இசைத்துக்கொண்டு நம் ஒழுங்கைகளில் வரும் பாண் முச்சக்கர வண்டியைக் கண்டால் எனக்கு அந்தச் சருமெராக்காரன் நினைவே வருகிறது.

1958இலே இக்கதையில் ஒரு திருப்பம். தைவானிற் பிறந்து ஒசாக்காப் பகுதியில் வாழ்ந்த அந்தோ மொமொபுக்கு என்பவர் பல தொழில்களில் நட்டப்பட்டவர். போர் முடிந்த காலத்திலே குளிரில் ஒரு ராமென் வண்டிக்கு முன்னாற் காத்துநின்ற நீண்ட வரிசையைக் கண்ட காட்சி அவர் மனத்தில் நின்றது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில் போட்டு, மாவிழையை எண்ணெயிற் பொரித்து நீரை வெளியேற்றினால், பின்னர் கொதிநீர் பட்டதும் அது மீண்டும் மெதுவாகும் என்று கண்டுபிடித்தார். அவ்வாண்டு ஆகத்து 25ஆந் திகதி ‘சிக்கன் ராமென்’ கடைக்கு வந்தது. விலை 35 யென். கடையிலே புதிய ஊடொன் மாவிழை 6 யென்னுக்குக் கிடைத்த காலம் அது; எனவே ஏழைக்கென்று பிறந்த பண்டம் முதலிலே ஆடம்பரப் பொருளாகவே இருந்தது. ‘சீனச் சோபா’ என்ற பழைய பெயரை ஒதுக்கி, ‘ராமென்’ என்ற பெயரை நாடெங்கும் நிலைநாட்டியதும் இப்பொதிதான். 1971இல் கோப்பை நூடில்ஸ் வந்தது. அடுத்த ஆண்டு பெப்ரவரியிலே, பனி மூடிய மலைப்பகுதியில் ஆயுதக் குழுவொன்று ஒரு பெண்ணைப் பிணையாக வைத்திருந்தபோது, முற்றுகையிட்ட பொலிசார் கோப்பையில் ஆவி பறக்க அதை உண்ட காட்சியை நாடே தொலைக்காட்சியிற் கண்டது. அதன்பின் அதற்கு விளம்பரம் தேவைப்படவில்லை. இன்று உலகத்தார் ஆண்டொன்றில் உண்ணும் உடன்தயார் நூடில்ஸ் பொதிகள் 10,000 கோடிக்கும் மேல். நம் பிள்ளைகள் பாடசாலையால் வந்து அம்மாவை எதிர்பாராமற் கிண்டிக்கொள்ளும் பொதி இந்தப் பேரெண்ணில் ஒரு துளி.

கடையிற் கிடைக்கும் உண்மையான ராமென் வேறு. அதன் அமைப்பைச் சொல்கிறேன். கோப்பையின் அடியிலே முதலில் ‘தாரே’ என்ற உவர்ச் சுவைக்கூட்டு ஊற்றப்படும்; சோயா சோஸ், உப்பு, மிசோ என்ற புளித்த சோயாக் களி ஆகிய மூன்றில் ஒன்றே பெரும்பாலும் அதன் உயிர். மேலே வாசனை எண்ணெய். அதன்மேல் பல மணிநேரம் கொதித்த சாறு. பின்னர் அவித்து நீர் உதறிய மாவிழை. முடிவிலே வெங்காயத்தாள், பாதி வெந்த முட்டை, மூங்கிற் குருத்து, கடற்பாசித் தாள், இறைச்சித் துண்டு. வட திசைச் சப்போரோவிலே 1950களில் மிசோ ராமென் தோன்றியது. தெற்கே கியூசுத் தீவிலுள்ள குருமே நகரில் 1937இலே பன்றி எலும்புச் சாறு முதலிடம் பெற்றது. அங்கே ஒருநாள் அடுப்பை அணைக்க மறந்து எலும்பு அளவுக்கு மீறிக் கொதித்தமையாலேயே பால்போன்ற வெண்சாறு பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். நல்ல சமையலிற் பாதி இவ்வாறு மறதியாற் பிறந்ததுதான் போலும்.

மாவிழையைப் பற்றி இல்லத்தரசிகள் ஒன்று கேட்பார்கள்: முட்டை சேராமலே அது எப்படி மஞ்சளாக, இழுபடத்தக்கதாக இருக்கிறது? மாவைக் குழைக்கும் நீரிலே ‘கன்சுய்’ என்ற காரம் கலக்கிறார்கள். சோடியம் காபனேற்று, பொற்றாசியம் காபனேற்று என இரசாயன ஆசிரியர் கூறும் உப்புகள் அவை. காரம் கோதுமையின் பசைப்புரதத்தை இறுக்குகிறது. அதனால் கொதிசாற்றிற் கிடந்தும் இழை குழைந்து போவதில்லை. மாவிலே நிறமின்றி மறைந்திருக்கும் சில பொருள்கள் காரம் பட்டதும் மஞ்சள் நிறம் கொள்கின்றன. மஞ்சள் நீரிற் சுண்ணாம்பு பட்டதும் ஆலாத்தி சிவப்பதை நாம் பார்ப்பதில்லையா? அதைப் போன்ற ஒரு மாயந்தான். நமது இடியப்பத்துக்கு இந்த வித்தை வேண்டியதில்லை. அரிசி மாவிலே பசைப்புரதம் இல்லை. கொதிநீரிற் குழைத்து, உரலிற் பிழிந்து, ஆவியிற் கட்டிப்படுத்துகிறோம். அது சொதியை ஏந்தி நிற்கவே பிறந்தது. சொதியிலே நீந்த அன்று.

சாற்றைப் பற்றிச் சொல்லும்போது கரையோர மக்களாகிய நாம் ஒருகணம் தலைநிமிரலாம். யப்பானியச் சமையலின் ஆதாரச் சாறு ‘தாஷி’. கொம்பு என்று அவர்கள் அழைக்கும் கடற்பாசியும் ‘கட்சுவோபுஷி’ என்ற காய்ந்த மீனுமே அதன் இரு தூண்கள். பல ராமென் கடைகளும் எலும்புச் சாற்றோடு இதனையும் கலக்கும். கட்சுவோபுஷி யாது? சூரை மீனை அவித்து, முள்ளெடுத்து, புகையூட்டி, கட்டைபோல் ஆகும்வரை உலர்த்தியது. அதாவது நமது மாசி! சம்பலுக்கு நாம் இடிக்கும் அதே மாசி. மாலைதீவார் ஒரு முனையிலும் யப்பானியர் மறு முனையிலும் ஒரே மீனுக்கு ஏறக்குறைய ஒரே பக்குவத்தைக் கண்டிருக்கிறார்கள். யப்பானியர் சிறந்த வகையிலே பூஞ்சணம் ஏற்றி இன்னும் முதிர்ச்சியூட்டுவர்; நாம் உரலில் இடிக்க, அவர்கள் சீவுளியிற் பூப்பூவாகச் சீவுவர். வேறுபாடு அவ்வளவே. உயிரியலார் சூரைக்கு இட்ட ‘கட்சுவோனஸ்’ என்ற பெயரும் யப்பானியச் சொல்லிலிருந்து எடுத்ததே. 1908இல் இக்கெடா கிக்குனாய் என்ற பேராசிரியர் கொம்புச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளுட்டமேற்று என்று கண்டு, அச்சுவைக்கு ‘உமாமி’ எனப் பெயரிட்டார். அடுத்த ஆண்டு அது அஜினமோட்டோ என்ற பெயரிற் சந்தைக்கு வந்தது. 1913இல் அவருடைய மாணவர் கொடாமா, கட்சுவோபுஷியின் சுவைக்கு வேறொரு பொருள் காரணம் எனக் கண்டார். இவ்விரண்டும் சேரும்போது சுவை பன்மடங்காகும். தேங்காய்ச் சம்பலில் மாசி போட்டவள் ஆய்வுகூடம் செல்லாமலே இதில் ஒரு பாதியை அறிந்திருந்தாள்.

இனி, தாயின் கேள்விக்கு வருவோம். ஆசிரியர் குழுவொன்றுடன் டோக்கியோ சென்றிருந்தபோது, கல்முனையைச் சேர்ந்த மூத்த ஆசிரியர் ஒருவர் என்னோடு கூட வந்தார். நான் அவரைக் காக்கா என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அசக்குசாவின் சிறிய தெருவொன்றில், துணித்திரை தொங்கும் ராமென் கடையொன்றைக் கண்டு நுழைந்தோம். எட்டுப் பேர் மட்டும் தோளோடு தோள் முட்ட இருக்கக்கூடிய ஒரு மரப்பலகை. அதற்கப்பால் ஆவியும் அடுப்பும். வாயிலிலே பணம் போட்டுச் சீட்டெடுக்கும் இயந்திரம். பொத்தான்கள் எல்லாம் யப்பானிய எழுத்து. நாங்கள் திகைப்பதைக் கண்ட கடைக்காரர் வெளியே வந்தார். காக்கா தாம் மனனஞ்செய்து வைத்திருந்த யப்பானிய வாக்கியத்தைச் சொன்னார்: பன்றி இல்லாதது உண்டா? கடைக்காரர் சற்றே யோசித்தார். மேலே வைக்கும் துண்டை எடுத்துவிடலாம் என்று சைகையாற் காட்டினார். பின்னர் தாமே பெரிய பானையைச் சுட்டிக்காட்டி, இரு கைகளையும் குறுக்கே வைத்து, தலையசைத்தார். சாறே பன்றி எலும்பு! துண்டை மட்டும் எடுத்துவிட்டு அவர் பணம் வாங்கியிருக்கலாம், எங்களுக்குத் தெரிந்திராது. அப்படிச் செய்யவில்லை. அடுப்பைத் துணைவரிடம் விட்டுவிட்டு, தெருமுனைவரை எங்களோடு நடந்துவந்து, ஹலால் ராமென் கடைக்கு வழி காட்டிவிட்டுத் திரும்பினார்.

ஹலால் கடையிலே கோழிச் சாற்று ராமென் கிடைத்தது. காக்கா மகிழ்ந்தார். வெள்ளிக்கிழமையாகையால் நான் தொடவில்லை. பக்கத்துக் கடையிலே உப்புப் பிளம்ஸ் வைத்த சோற்றுருண்டை வாங்கி வைத்திருந்தேன். “தம்பி, நீங்க பாத்துக்கிட்டிருக்க எனக்கு இறங்குதில்ல” என்றார். மறுநாள் அவரே முன்னின்று, டோக்கியோ புகையிரத நிலையத்தினுள்ளே ‘டீஸ் தன்தன்’ என்ற கடைக்கு என்னை அழைத்துச் சென்றார். இறைச்சியோ மீனோ முட்டையோ பாலோ சேராத ராமென் அங்கே கிடைக்கிறது. அரைத்த எள்ளும் மிளகாயும் கலந்த சாறு. இறைச்சித் துருவலுக்குப் பதில் சோயா. இருவருக்கும் ஒரே பண்டம், ஒரே மேசை. எள்ளின் மணம் எழுந்தபோது எனக்கு நல்லெண்ணெய்த் தோசை நினைவு வந்தது. காக்கா ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, “இது நம்மட இடியப்பத்தச் சொதிக்குள்ள போட்டு மிளகாய்த்தூள் தூவின மாதிரிக் கிடக்கு” என்று தீர்ப்பளித்தார். முற்றிலும் சரியான தீர்ப்பன்று. ஆனால் நான் மறுக்கவில்லை.

உறிஞ்சுதல் என்றேன். நம் வீட்டிலே சத்தமிட்டு உண்டால் அடி விழும். அங்கே ராமெனைச் சத்தத்தோடு உறிஞ்சுவதே முறை. காற்றோடு சேர்ந்து செல்லும்போது சூடு தணியும், மணம் மூக்குக்கு ஏறும் என்கிறார்கள். கூட வந்த இளம் ஆசிரியை ஒருவர் கடைசிவரை ஓசையின்றியே உண்டு, இழை ஊறி உப்பிப்போன பின் பாதியை மிச்சம் வைத்தார். மற்றும் சில: உண்ணுமுன் ‘இத்தாதாக்கிமாஸ்’, பணிவோடு பெற்றுக்கொள்கிறேன் என்பர். வெளியே வரிசையிருக்க, உண்டு முடித்தவர் உட்கார்ந்து கதைப்பது அழகன்று. கடைக்காரருக்குச் சந்தோசம் கொடுக்கும் வழக்கம் இல்லை. மேசையில் விட்டுவந்தால் மறந்துபோனதென்று ஓடிவந்து தருவார். குச்சிகளைச் சோற்றிலே நட்டு நிறுத்தக்கூடாது. அது இறந்தோருக்குப் படைக்கும் முறை. குச்சியிலிருந்து குச்சிக்கு உணவைக் கைமாற்றவும் கூடாது. தகனம் முடிந்தபின் எலும்பை அவர்கள் எடுப்பது அவ்வாறுதான். காடாற்றி எலும்பு பொறுக்கும் நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

செல்லும் பிள்ளைகள் சில சொற்களை நெஞ்சிற் பதித்துக்கொள்வது நன்று. ‘புட்டா’ பன்றி, கூட்டுச்சொல்லில் அது ‘டோன்’ ஆகும், டோன்கொட்சு என்றால் பன்றி எலும்பு. ‘கியூ’ மாடு. ‘டோரி’ கோழி. ‘சக்கானா’ மீன். ‘நிக்கு’ இறைச்சி, ‘நாஷி’ இல்லாமல். ஆனால் ‘நிக்கு நாஷி’ என்று மட்டும் சொன்னால், மேலே கிடக்கும் துண்டை எடுத்துவிட்டு, அதே எலும்புச் சாற்றைத் தந்துவிடுவார்கள். அதில் வஞ்சகம் இல்லை; அவர்கள் கணக்கிலே இறைச்சி என்பது துண்டு, சாறு என்பது சாறு. ஆகவே சாற்றைத் தனியே கேட்க வேண்டும். ‘மிரின்’ என்பது அரிசி மது வகை, தாரேயிற் சேர்வதுண்டு. கோழி ராமென் என்று எழுதியிருந்தாலும் பன்றிக் கொழுப்பு எண்ணெய் கலந்திருக்கலாம். மரக்கறிக்காரர் கடற்கொம்பும் காளானும் கொண்டு செய்த சாற்றைத் தேட வேண்டும். அது புதிய கண்டுபிடிப்பன்று. பௌத்த மடங்களிலே பல நூறு ஆண்டுகளாக இருந்துவருவது.

அம்மடங்களைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. 1223இல் தோகென் என்ற இளந்துறவி சீனத் துறைமுகம் ஒன்றிலே கப்பலில் தங்கியிருந்தார். தூரத்து மடமொன்றின் சமையற்காரராகிய முதிய துறவி, யப்பானியக் காளான் வாங்க அக்கப்பலுக்கு நடந்து வந்தார். மறுநாள் பண்டிகை, துறவிகளுக்கு மாவிழைச் சூப்பு வைக்கவேண்டும், காளான் இல்லை என்றார். இரவு தங்கிப் பேசலாமே என்று தோகென் வேண்டினார். தாம் இல்லாவிட்டால் மறுநாட் சமையல் சீர்கெடும் என்று முதியவர் மறுத்துவிட்டார். இந்த வயதிலே தியானமும் நூலாராய்ச்சியும் செய்யாமற் சமையலிலே ஏன் உழல வேண்டும் என்று தோகென் கேட்க, முதியவர் சிரித்தார். தவம் என்றால் என்னவென்று பிள்ளைக்கு இன்னும் விளங்கவில்லை என்ற கருத்தில் ஏதோ சொல்லிவிட்டு, இருட்டுமுன் நடந்து போய்விட்டார். தோகென் தாயகம் திரும்பி, 1237இல் மடத்துச் சமையற்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார்.

இன்று ராமென் கடைக்காரரின் தவம் வேறு வகையானது. ஒரு கோப்பையின் விலை ஆயிரம் யென்னைத் தாண்டினால் வாடிக்கையாளர் விலகிவிடுவார்கள் என்று நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை. அதனை ‘ஆயிரம் யென் சுவர்’ என்பார்கள். மா விலையும் எரிபொருள் விலையும் கூலியும் ஏறியபின் அந்தச் சுவருக்குள்ளே நின்று பிழைப்பது கடினமாகிவிட்டது. அண்மை ஆண்டுகளிலே சிறு கடைகள் பல மூடப்பட்டுள்ளன. எஞ்சியவற்றில் முதலாளிக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் அடுப்படிக்கு வர விரும்புவதில்லை. கோப்பை கழுவவும், வெங்காயத்தாள் அரியவும், கொதிக்கும் பானைக்கு முன்னால் நிற்கவும் ஆள் வேண்டும். அந்த இடத்திலே இன்று நிற்பவர்களிற் பலர் வெளிநாட்டு மாணவர். படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 28 மணிநேரம் வேலை செய்ய அவர்களுக்கு அனுமதியுண்டு. நேபாளப் பிள்ளைகளையும் வியட்னாம் பிள்ளைகளையும் நானே கண்டேன். எங்கள் தங்குமிடத்துக்கு அண்மையிலிருந்த கடையொன்றில், தலையில் வெள்ளைத் துணி கட்டிய இளைஞன் ஒருவன், வலைக்கரண்டியில் மாவிழையை அள்ளி மூன்று முறை உதறிவிட்டு, எங்களை நிமிர்ந்து பார்த்து, தமிழிலே, “சேர், இதுல பன்றிச் சாறு இருக்கு, நீங்க சாப்பிடமாட்டீங்க” என்றான். திருகோணமலைப் பிள்ளை. அவன் தன் இராச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்திருந்தது, அறையிலே தானே அவித்த கோதுமை மாப் பிட்டு.